வேலை பிடிக்கவில்லை, கூட இருப்பவர்களைப் பிடித்திருக்கிறது: இருப்பதா, விலகுவதா?

இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். ஓர் இளைஞர் மட்டும் கடைசி ஸஃப்பிலேயே உட்கார்ந்திருந்தார். மீஞ்சூர் பக்கத்துப் பிள்ளை. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கைக்குழந்தை இருக்கிறது. அருகில் போய் அமர்ந்ததும், "ஹஜ்ரத், ஒரு மஷூரா வேணும்" என்றார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வார்ப்பு இரும்புப் பாகங்களின் பிசிறுகளைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் பிரிவு. நான்கு ஆண்டு இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. இத்தனை நாளில் ஒருநாள்கூட அந்த வேலை அவருக்குப் பிடித்ததில்லை. தூசி, காதை அடைக்கும் சத்தம், வாரம் மாறி வாரம் வரும் ஷிப்ட். இப்போது ஒரகடத்தில் வேறொரு நிறுவனம் மாதம் 7,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துக் கூப்பிடுகிறது. வீட்டில் எல்லோரும் போகச் சொல்கிறார்கள்.

"மனசு வரல ஹஜ்ரத். உண்மையச் சொன்னா, வேலைக்காக நான் அங்க போறதில்ல. கூட இருக்கற பசங்களுக்காகத்தான் போறேன்" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ தவறு செய்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நீளும் இந்தத் தொழிற்பகுதியில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ரயில் ஏறுகிறார்கள். வெளியே சொன்னால், "நட்புக்காகச் சம்பளத்தை விடுவானா?" என்று சிரிப்பார்களோ என்று வாய் திறப்பதில்லை. எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

அந்தப் "பசங்க" யார்?

அவர் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கே புரியும். முதல் ஷிப்ட் மதியம் 2 மணிக்குத்தான் முடியும். ஜும்ஆவோ 1 மணிக்கு மேல் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை அவர் தயங்கி நிற்பதற்கு முன்பே, கவரப்பேட்டையிலிருந்து வரும் ஓர் அண்ணன், "பாய், நீ போயிட்டு வா, மெஷினை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவாராம். அவர் நம் மார்க்கத்தவர் அல்ல. நான்கு ஆண்டுகளாக இது நடக்கிறது. ரமளானில் இவர் எதிரில் யாரும் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில்லை. கேட்டு வந்த மரியாதை அல்ல, அவர்களாகவே செய்வது. குழந்தை பிறந்த இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் ஒருவர், தமிழ் சரியாகப் பேச வராத ஒடிசாத் தம்பி.

இத்தகைய மனிதர்களை விட்டுப் போக மனம் வரவில்லை என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல தோழமை அல்லாஹ் தரும் ரிஸ்க்கில் ஒரு பங்கு. ரிஸ்க் என்றால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் ஏறும் தொகை மட்டும்தான் என்று நாம் சுருக்கிவிட்டோம். நல்ல தோழரைக் கஸ்தூரி வைத்திருப்பவருக்கும், தீய தோழரைக் கொல்லனின் துருத்தி ஊதுபவருக்கும் ஒப்பிட்டுக் காட்டிய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் சிலருக்கு வேலையே உலைக்கூடத்தில்தான். ஆனால் பக்கத்தில் நிற்பவர்களோ கஸ்தூரி வைத்திருப்பவர்கள். வேலையின் புழுக்கத்தையும் தோழர்களின் மணத்தையும் ஒரே இடத்தில் பெற்றவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

ஆய்வாளர்களும் இதையே சொன்னார்கள்

நிர்வாகவியலாளர்கள் நெடுநாள் கேட்டுவந்த கேள்வி, "ஒருவர் ஏன் வேலையை விட்டுப் போகிறார்?" என்பது. டெரன்ஸ் மிட்செல், தாமஸ் லீ முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் அதைத் திருப்பிப் போட்டு, "ஒருவர் ஏன் இருக்கிறார்?" என்று கேட்டார்கள். பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போகவில்லை. மளிகைக் கடைப் பணியாளர்களையும் மருத்துவமனை ஊழியர்களையும் கேட்டார்கள். வேலைமீது உள்ள திருப்தியை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது என்று கண்டார்கள். மனிதரை ஓரிடத்தில் பிணைப்பவை மூன்று என்றார்கள்: அங்குள்ள மனிதர்களோடு உண்டான தொடர்புகள், அந்த இடத்தோடும் ஊரோடும் உள்ள பொருத்தம், விட்டுப்போனால் இழக்க வேண்டியவை.

நம் இளைஞருக்கு மூன்றும் பொருந்துகிறது. தொடர்பு, அந்தத் தோழர்கள். பொருத்தம், காலையில் மீஞ்சூரில் ரயில் ஏறினால் அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கிவிடலாம், இரவு வீட்டுச் சோறு. இழப்பு, ஒரகடம் போனால் அறை எடுத்துத் தங்க வேண்டும், குழந்தையை வாரம் ஒருமுறைதான் பார்க்க முடியும், ஜும்ஆவுக்கு யார் விடுவார்கள் என்பதும் தெரியாது.

ஆக, அவருடைய தயக்கம் சோம்பலும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அதற்காக, "அப்படியானால் இருந்துவிடு" என்றும் நான் சொல்லவில்லை. என் அனுபவம் அப்படிச் சொல்ல விடவில்லை.

நான் செய்த தவறு

மதரஸா ஓதி முடித்து, பி.ஏ.வும் முடித்த புதிதில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தேன். வேலை எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் என்னோடு மூன்று பேர் இருந்தார்கள். மதியம் நான்கு டிபன் பாக்ஸையும் ஒன்றாகத் திறந்து வைத்துச் சாப்பிடுவோம். அந்த அரைமணி நேரத்துக்காகவே ஆறு ஆண்டுகள் இருந்தேன். இடையில் இரண்டு நல்ல வாய்ப்புகள் வந்தன. இரண்டையும் விட்டேன்.

நான்காம் ஆண்டில் மூவரில் ஒருவர் சவூதி போனார். ஐந்தாம் ஆண்டில் இன்னொருவர் சொந்தக் கடை வைத்தார். மூன்றாமவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். ஆறாம் ஆண்டு நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். யாருக்காக இருந்தேனோ அவர்கள் எல்லோரும் எனக்கு முன்பே போய்விட்டார்கள். அவர்கள்மீது தவறில்லை. அவரவர் குடும்பத்துக்கு எது நல்லதோ அதைச் செய்தார்கள். "எதுவரை இருக்கப் போகிறேன்?" என்று நான்தான் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆறாம் ஆண்டில்தான் அத்தா படுக்கையில் விழுந்தார். வைத்தியத்துக்குக் கடன் வாங்கியபோது, விட்டுவிட்ட அந்த இரண்டு வாய்ப்புகளும் நினைவுக்கு வந்தன.

தோழர்கள் நிரந்தரம் இல்லை. இன்றைய தொழிற்சாலைகளில் இது இன்னும் அதிகம். ஒப்பந்தத் தொழிலாளிகள் ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஊரிலிருந்து ஒரு போன் வந்தால் மறுநாளே ரயில் ஏறுவார்கள். தொழிற்சாலையும் நிரந்தரம் இல்லை. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. தலைமுறைகளாக வடசென்னைக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட பெரம்பூர் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. இடமும் மாறும், ஆட்களும் மாறுவார்கள் என்று தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மத்யனில் ஒரு தவணை

இந்த இடத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நமக்குப் பெரிய வழிகாட்டி. அரண்மனையில் வளர்ந்தவர் அவர். எகிப்தை விட்டுத் தனியாக, உயிருக்கு அஞ்சி மத்யன் வந்து சேர்ந்தார். அங்கே இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்ட உதவினார். அவர்களின் தந்தை அவரை வீட்டுக்கு அழைத்தார், அடைக்கலம் தந்தார், வேலையும் தந்தார். ஆடு மேய்க்கும் வேலை. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்ததா என்று குர்ஆன் பேசவில்லை. அங்கே நல்ல மனிதர்கள் இருந்தார்கள் என்பதைப் பேசுகிறது.

அந்த ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். எட்டு ஆண்டுகள் என்று காலம் குறிக்கப்பட்டது. பத்தாக நிறைவு செய்வது அவருடைய விருப்பத்துக்கு விடப்பட்டது. வேலை கொடுப்பவர், உனக்குச் சிரமம் தர மாட்டேன் என்று முன்கூட்டியே உறுதி சொன்னார். மூஸா (அலை) அவர்கள் நீண்ட தவணையையே நிறைவு செய்தார்கள் என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் புகாரியில் உள்ளது. தவணை முடிந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தில்தான் தூர் மலைப் பக்கம் நெருப்பைக் கண்டார்கள், நபித்துவம் கிடைத்தது.

நல்லவர்களோடு இருப்பதற்காக ஒரு வேலையில் தங்குவது நபிமார்களின் வாழ்விலும் இருக்கிறது. ஆனால் அந்தத் தங்கலுக்கு ஒரு தவணை இருந்தது, தெளிவான நிபந்தனை இருந்தது, முடிந்ததும் புறப்பாடும் இருந்தது. நம்மில் பலர் இருப்பதை எடுத்துக்கொள்கிறோம், தவணையை விட்டுவிடுகிறோம். தவணை வைக்காமல் இருப்பது இருத்தல் ஆகாது, தேங்கிப்போவது.

"பிடிக்கவில்லை" என்பதில் மூன்று வகை

அந்த இளைஞரிடம் நான் முதலில் கேட்டது, "எது பிடிக்கல?" என்பதுதான். ஏனென்றால் பிடிக்காமை எல்லாம் ஒன்றல்ல.

முதல் வகை, வேலை சலிப்பாக இருக்கிறது, நம் படிப்புக்கு ஏற்றதாக இல்லை, ஒரே மாதிரி ஓடுகிறது என்பது. ஹலாலான வேலை, சம்பளம் ஒழுங்காக வருகிறது, குடும்பம் ஓடுகிறது என்றால், நல்ல தோழர்கள் இருப்பதே அங்கே இருக்கப் போதுமான காரணம். எல்லோருக்கும் பிடித்த வேலை கிடைப்பதில்லை. பிடித்த மனிதர்கள் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி இருக்கலாம்.

இரண்டாம் வகை, வேலை உடலைக் கெடுக்கிறது, அல்லது உரிமையைப் பறிக்கிறது என்பது. நெஞ்சில் தூசி சேர்கிறது, காது மந்தமாகிறது, கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லை. இங்கே நல்ல தோழர்கள் இருப்பது போதுமான காரணம் ஆகாது. உடல் அல்லாஹ் தந்த அமானத். அதில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஹக் இருக்கிறது. நண்பனுக்காகப் பிள்ளையின் ஹக்கை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. ஒன்று நிலைமையை மாற்ற வேண்டும், அல்லது விலக வேண்டும்.

மூன்றாம் வகை, வேலையிலேயே ஹராம் கலந்திருக்கிறது. அளந்து பார்க்காமலேயே அளந்ததாக எழுதச் சொல்கிறார்கள், பழுதான பாகத்தை நல்லதென்று முத்திரை குத்தச் சொல்கிறார்கள். பிரேக்கில் போய்ப் பொருத்தப்படும் பாகமாக இருந்தால் அது ஓர் உயிரோடு விளையாடுவது. மறுத்துச் சொல்லியும் விடவில்லை என்றால், அங்கே எத்தனை நல்ல தோழர்கள் இருந்தாலும் இருப்பதற்கில்லை.

நம் இளைஞருடையது இரண்டாம் வகை என்பது பேசப் பேசத் தெரிந்தது. முகக்கவசம் என்று கொடுப்பது மெல்லிய துணிதான். இரண்டு மாதமாக இரவில் இருமல்.

நல்ல தோழர் என்பதற்கு அடையாளம்

அடுத்து, தோழர்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சில இடங்களில் ஆட்களைப் பிணைப்பது அன்பு அல்ல. மேலாளரைப் பற்றி நாள் முழுதும் புறம் பேசுவது, சம்பள நாளில் சேர்ந்து சூதாடுவது, ஒருவர் குறையை இன்னொருவர் மறைப்பது என்பவையும் மனிதர்களை நெருக்கமாக்கும். அந்த நெருக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. "எனக்கு வேற இடத்துல நல்ல வேலை வந்திருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "எங்கள விட்டுப் போயிடுவியா?" என்று முகம் சுருங்குகிறவர் பிரியமுள்ளவர். வருத்தத்தை விழுங்கிக்கொண்டு, "சம்பளம் எவ்வளவு, தங்கற இடம் எப்படி, வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறவர் நலம் நாடுகிறவர். இரண்டாமவரை விட்டுவிடாதீர்கள்.

பெண்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு, கூட வரும் பெண்கள்தான் பாதுகாப்பு. இரவு ஷிப்ட் முடிந்து, தெருமுனையில் இறங்குபவர் வீட்டுக்குள் போகும்வரை வேனை நிறுத்திவைக்கும் தோழிகள் இருந்தால், அந்த வேலையை விடுவது வெறும் சம்பளக் கணக்கு அல்ல. இதை வீட்டு ஆண்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பாசத்தைக் காசாக்குகிறவர்கள்

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தைச் சில நிர்வாகங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்கள். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் குடும்பம் காணாமல் போகும். "நீ லீவு போட்டா உன் நண்பன்தான் டபுள் ஷிப்ட் பார்க்கணும், பரவாயில்லையா?" என்பார்கள். ஆள் போடாதது நிர்வாகம், குற்ற உணர்ச்சி தொழிலாளிக்கு. இது நட்பின் பெயரால் வாங்கும் ஓசி உழைப்பு. கூடுதல் நேர வேலைக்கு வழக்கமான ஊதியத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி. நண்பனுக்கு உதவுவது நன்மை. அதைக் கணக்கில் எழுதிக் கூலி கேட்பது உரிமை. இரண்டும் முரண் அல்ல.

இருப்பது, போவது, பேசுவது

நாம் இரண்டு வழிகளை மட்டுமே பார்க்கிறோம்: சகித்துக்கொண்டு இருப்பது, அல்லது விட்டுப் போவது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் நடுவே இன்னொன்றையும் வைத்தார். அது குரல், அதாவது உள்ளே இருந்தபடியே குறையைச் சொல்லி மாற்ற முயல்வது. ஓரிடத்தின்மீது பற்று உள்ளவர் உடனே ஓடிவிட மாட்டார், அதனால் அவர் பேசிப் பார்க்கும் வாய்ப்பு அதிகம் என்பது அவர் கருத்து. அப்படியானால் நல்ல தோழர்களுக்காக இருப்பவர்தான் அந்த இடத்தைத் திருத்தவும் தகுதியானவர்.

இதற்குச் சான்று தேட அமெரிக்கா போக வேண்டாம். நம் வடசென்னையிலேயே பெரம்பூர் இருக்கிறது. அங்கே பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் மதிய உணவு இடைவேளைகூடப் போதாமல் குமுறிக்கொண்டிருந்தார்கள். தனித்தனியாகப் பேசினால் வேலை போய்விடும். 1918 ஏப்ரல் 27 அன்று, பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. போன்றோர் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பக்கத்துத் தறியில் நிற்பவனை நம்பியதால்தான் அவர்களால் வாய் திறக்க முடிந்தது. பின்னாளில், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரைமணி இடைவேளை விட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. நாம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து நட்பு வளர்க்கும் நேரம் அது.

அதே ஆலையின் இன்னொரு பாடமும் உண்டு. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒருபுறமும், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மறுபுறமுமாகப் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக நின்றவர்கள் அவர்கள். தொழிற்சாலைக்குள் நாம் காட்டும் தோழமை சாதி, மதம், மொழி பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. வெள்ளிக்கிழமை நமக்காக மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கு, பொங்கலன்று நாம் ஷிப்ட் மாற்றிக் கொடுத்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

கணக்குப் போடாமல் முடிவு இல்லை

மனம் பேசி முடித்தபின் தாளும் பேனாவும் பேச வேண்டும். அன்றிரவு நாங்கள் இருவரும் பள்ளிவாசல் நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டோம்.

இப்போது சம்பளம் 19,000. அதில் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600. ஒரகடத்தில் 26,000. கூடுதல் 7,000. அறை வாடகைப் பங்கு, சாப்பாடு, வாரம் ஒருமுறை ஊர் வந்து போகும் செலவு என்று 5,000 போய்விடும். மிச்சம் மாதம் 2,000.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, சட்டப்படி 5 ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு உரியது. கடைசி அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். 15,600-க்கு அது 9,000. ஐந்து ஆண்டுக்கு 45,000. அவருக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி. பத்து மாதம் இங்கே இருந்தால் இழப்பது 20,000, கிடைப்பது 45,000. (2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டே போதும். எனவே உங்கள் நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.)

இ.எஸ்.ஐ.யும் முக்கியம். மாத ஊதியம் 21,000-க்குள் இருந்தால்தான் அதில் இருக்க முடியும். 26,000-க்குப் போனால், குடும்பத்துக்கான அந்த மருத்துவ வசதி பிறகு நின்றுவிடும். புதிய நிறுவனம் மருத்துவக் காப்பீடு தருகிறதா, அதில் மனைவி, குழந்தை, பெற்றோர் யாரெல்லாம் அடக்கம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பி.எஃப். பணத்தை வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழிப்பது நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. யு.ஏ.என். எண் ஒன்றே போதும், பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் 10 ஆண்டு சேவை சேர்ந்தால்தான் பி.எஃப். ஓய்வூதியம். அந்தப் பத்து ஆண்டும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.

கணக்கு முடிந்ததும் அவர் முகம் தெளிந்தது. "அப்ப பத்து மாசம் இருக்கலாம்" என்றார். "இருக்கலாம், ஆனா இருமலோட இருக்கக் கூடாது" என்றேன்.

போவதென்றால் எப்படிப் போவது?

பத்து மாதம் என்று தவணை வைத்துக்கொண்டார். மனைவியிடமும் அம்மாவிடமும் அதைச் சொன்னார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இஸ்திகாரா தொழுதார். பிறகு தோழர்கள் ஐந்து பேர் சேர்ந்து, கோபப்படாமல், இரண்டே கோரிக்கைகளோடு மேற்பார்வையாளரைப் பார்த்தார்கள்: தூசி தடுக்கும் சரியான முகக்கவசம், கிரைண்டிங்கில் ஒரே ஆளை மாதக்கணக்கில் நிறுத்தாமல் சுழற்சி முறை. முதல் முறை பதில் இல்லை. இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தார்கள். முகக்கவசம் வந்தது. சுழற்சியும் வந்தது. தூசி உறிஞ்சும் காற்றாடி கேட்டார்கள், அது இன்னும் வரவில்லை. இருமலுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டி, மாத்திரை எடுத்து, சரியானது.

ஐந்து ஆண்டு நிறைந்து சில வாரங்களில் அவர் விலகினார். விலகும்போது செய்ய வேண்டியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு செய்தார். ஒப்பந்தத்தில் சொன்னபடி முன்னறிவிப்புக் கொடுத்தார். வாக்கை நிறைவேற்றுவது முஃமினின் பண்பு. வாங்கிய கைமாற்றை எல்லாம் திருப்பினார். தன் வேலையைப் புதிதாக வந்த தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார். யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னிப்புக் கேட்டார். கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஓடி வந்தபோது, கவரப்பேட்டை அண்ணன் வழக்கம்போல மெஷினருகில் நின்றிருந்தாராம். "போற இடத்துல வெள்ளிக்கிழமை விடுவாங்களான்னு கேட்டியா?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. கேட்டிருந்தார். விடுவார்கள்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, சகோதரராக ஆக்கப்பட்ட ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காக பரக்கத்தை வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். சகோதரத்துவம் வேறு, சம்பாத்தியத்தின் வழி வேறு என்று பிரித்து அறிந்தவர்கள் அவர்கள். சந்தைக்குப் போனதால் சகோதரத்துவம் குறைந்துவிடவில்லை.

என் அனுபவமும் அதுவே. அந்த அலுவலகத்தை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் என் அம்மா வஃபாத்தானார்கள். செய்தி கேட்டு முதலில் வந்து நின்றவர்களில் இருவர் அந்த டிபன் பாக்ஸ் தோழர்கள். மூன்றாமவர் சவூதியிலிருந்து போனில் அழுதார். அந்த நட்பு அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது என்று நினைத்துத்தானே ஆறு ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தேன்! அது கட்டடத்தில் இல்லை என்பது அன்றுதான் புரிந்தது.

எனவே, பிடிக்காத வேலையில் நல்ல மனிதர்களுக்காக இருக்கும் சகோதர சகோதரிகளே, அதற்காக வெட்கப்படாதீர்கள். ஆனால் இந்த வாரமே வீட்டாரோடு உட்கார்ந்து, எதுவரை இருப்பது என்று ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். அதுவரை அந்த இடத்தைக் கொஞ்சமாவது நல்லதாக்க உங்கள் தோழர்களோடு சேர்ந்து முயலுங்கள். தேதி வரும்போது மறுபடியும் மஷூரா செய்யுங்கள். இருக்க வேண்டியிருந்தால் மனநிறைவோடு இருங்கள். போக வேண்டியிருந்தால் முறையாக விடைபெற்றுப் போங்கள்.

ஹலாலான ரிஸ்க்கையும், அதை உண்ணும்போது பக்கத்தில் அமர நல்ல தோழர்களையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.